நானூற்று எழுபத்தெட்டு கால்களும் ஒரு விசாரணைக் கமிஷனும்

கடை திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் பொருள் விற்க மறுப்பதையே தொழிலாகச் செய்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் நெல்லித்தோப்பில்தான் இருந்தார்.

பஞ்சர் ஒட்டும் கடைக்குப் பின்பக்கம், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை அது. வாசலில் ‘கம்ப்யூட்டர் விற்பனை & சர்வீஸ்’ என்று பலகை தொங்கும். அதில் சர்வீஸ் என்பது மட்டும் உண்மை. வருகிறவரை எதிரில் உள்ள ஸ்டூலில் உட்காரவைத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பிரித்து, கேள்வி கேட்க ஆரம்பிப்பார். வந்தவருக்கு என்ன வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. அதுவரை தாக்குப்பிடித்தவர்கள் குறைவு. அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘விசாரணைக் கமிஷன்’. நேரில் அண்ணே, முதுகுக்குப் பின்னால் கமிஷன். அவர் காதிலும் அது விழாமல் இல்லை. யார் வைத்த பெயர் என்று அதையும் கொஞ்ச நாள் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்.

முன்பு ஒரு மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல், மீசை சரியாக முளைக்காத பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தார். பாடம் எடுத்தவர் நான்காம் மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாராம். கமிஷன் கேட்ட கேள்விகள்தான் காரணம் என்று சொல்வார்கள். நிரூபணம் இல்லை.

ஒருமுறை சொல்தா ஒருவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மகன் பாரீசில் இருக்கிறான், கேமரா வைத்து முகம் பார்த்துப் பேச நல்ல கம்ப்யூட்டராக ஒன்று கொடு என்றார். கையில் காசோடு வந்து நிற்கிற மனிதர். வேறு யாராக இருந்தாலும் இருக்கிறதிலேயே விலை கூடியதை எடுத்து அவர் தலையில் கட்டியிருப்பார்கள். கமிஷன் நோட்டைப் பிரித்தார். மகன் வேலைக்கு எத்தனை மணிக்குப் போவார், எத்தனை மணிக்குத் திரும்புவார், அப்போது இங்கே மணி என்ன, அந்த நேரத்தில் நீங்கள் விழித்திருப்பீர்களா, போன மாதம் மகன் எத்தனை முறை தானாகப் போன் செய்தார் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வியோடு சொல்தா எழுந்துவிட்டார். கம்ப்யூட்டர் வாங்காமல், போன் கார்டு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடம் ராணுவத்தில் நின்றவரால் கமிஷன் முன்னால் அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டது இரண்டாயிரத்து ஏழாம் வருட வாக்கில், ஓர் ஆவணி மாதம்.

அப்போது நெல்லித்தோப்பில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களையும் டைப் அடித்துக் கொடுப்பேன். மொத்தக் கடைக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் ஐந்து வருடப் பழசு. ஆவணியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்; என்னைப் போன்றவர்கள் வருடம் முழுக்கச் சாப்பிடுவது அந்தச் சில வாரங்களை நம்பித்தான். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் என் கம்ப்யூட்டர் ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டு, மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றத்தை விட்டுவிட்டு உயிரை விட்டது.

அன்று என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் வில்லியனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி. பெண்ணின் அப்பா. அந்தப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் முதலில் வருவதா, பெரிய மாமா பெயர் முதலில் வருவதா என்று அவர்கள் குடும்பத்தில் மூன்று தடவை பஞ்சாயத்து நடந்து, ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போய், அவரைச் சமாதானம் செய்து அழைத்துவந்து, கடைசியில் ஒரு வரிசை முடிவாகியிருந்தது. இருபத்தேழு பெயர். அந்த வரிசை எழுத்தில் இருந்த ஒரே இடம் என் ஹார்ட் டிஸ்க். வேறு கடைக்குப் போனால் முதல் பெயரிலிருந்து பஞ்சாயத்து மறுபடி ஆரம்பமாகும். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க எனக்கு வசதியில்லை. கழற்ற வேண்டியதைக் கழற்றி, பின்னால் செருகியிருந்ததை எல்லாம் மேஜை டிராயரில் போட்டுவிட்டு, கேபினெட்டை மட்டும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கமிஷனிடம் போனேன்.

திறந்து பார்த்தார். உள்ளே பெரிய பச்சைப் பலகை ஒன்று இருக்குமே, எல்லாப் பாகங்களையும் தன்மேல் தாங்கிக்கொண்டு, அதுதான் மதர்போர்டு. அதன்மேல் குட்டிக் குட்டி டப்பாக்கள் மாதிரி நிற்பவை கெப்பாசிட்டர்கள். அவற்றில் ஐந்து, பூரி மாதிரி உப்பித் தலை வெடித்திருந்தன. கீழே பலகையும் கருகியிருந்தது.

“போர்டு போயிடுச்சு தம்பி. மாத்தணும்.”

மாத்துங்கண்ணே என்றேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நோட்டைப் பிரித்தார்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? ஃபேன் காற்று மேலே படுமா? பக்கத்து வீட்டில் யாராவது வெல்டிங் வைக்கிறார்களா? டீ கிளாஸை எந்தப் பக்கம் வைப்பேன்? கடையைச் சாத்தும்போது ஒழுங்காக ஷட்டவுன் செய்வேனா, அல்லது சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவேனா? இந்த இடத்தில் பொய் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கேபினெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“எல்லா ஓட்டையிலயும் தூசி. இந்தப் பிரிண்டர் ஓட்டை மட்டும் சுத்தமாக் கீது. இதுல இன்னா சொருகுவ?”

எனக்கு அனுபவம் இருந்தது. அவரிடம் ஒரு பதில் சொன்னால் அது மூன்று கேள்விகளைக் குட்டி போடும். எதிரில் என் ஆவணி கரைந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றுமில்லைண்ணே என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டில் ‘சந்தேகம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

போர்டு மாற்றுவது பல்பு மாற்றுவது மாதிரி அல்ல என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் ப்ராசசருக்கு அடியில் ஊசி ஊசியாக நானூற்று எழுபத்தெட்டு கால்கள். அந்தக் கால்கள் இறங்க அத்தனை ஓட்டையுள்ள போர்டு வேண்டும். அப்போது கடைக்கு வந்துகொண்டிருந்த புதுப் போர்டுகள் பெரும்பாலும் வேறு தினுசு. அதில் என் ப்ராசசர் உட்காராது. ப்ராசசரை மாற்றினால், பழைய ராம் அட்டையைச் செருக முடியாது, அதன் வெட்டு இருக்கும் இடம் வேறு. ராமையும் மாற்றினால் பவர் சப்ளையின் வயர் போதாது. போர்டு மலிவுதான். ஆனால் அது வீட்டுக்குள் வரும்போது தன் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

“மூக்குத்தி வாங்கப் போயி மூக்கையே மாத்திக்கினு வரக்கூடாது,” என்றார் கமிஷன். என் கம்ப்யூட்டரில் இருக்கும் மற்ற எல்லாம் அப்படியே இருக்க, போர்டு மட்டும் மாற வேண்டும்; அதுவும் என் வசதிக்குள்; அதுவும் இன்னும் மூன்று வருடமாவது தாங்க வேண்டும். இதுதான் கமிஷனின் ஆய்வு வரம்பு. கால அவகாசம் குறிப்பிடப்படவில்லை.

முதலில் தேங்காய்த்திட்டுக்குப் போனோம். அங்கே மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் ஆசையாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிறகு அதை மூடி வைத்துவிட்டாராம். கால் எண்ணிக்கை சரி, விலையும் சரி, மனிதரும் தங்கமானவர். கமிஷன் போர்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஓரமெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. கம்ப்யூட்டரை வீட்டில் எந்த மூலையில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். வலைக்குப் பக்கத்தில் என்றார் அவர். கமிஷன் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். ஏலக்காரர் எங்களுக்கு இரண்டு சங்கரா மீன் கொடுத்தார். போர்டு கிடைக்கவில்லை, என் வீட்டில் அன்று குழம்பு நன்றாக இருந்தது.

அடுத்து சென்னை. ரிச்சி தெருவில் கிடைக்காத போர்டே இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கமிஷன், செத்துப்போன என் போர்டை ஒரு துண்டில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் அது என்ன என்று கேட்டதற்கு அடையாளம் காட்டக் கொண்டுபோகிறோம் என்று பதில் சொன்னார். அதன் பிறகு எங்கள் பக்கத்து சீட்டில் சென்னை வரை யாரும் உட்காரவில்லை.

பதினான்கு கடை ஏறி இறங்கினோம். அந்தத் தெருவில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவார்கள். கமிஷனுக்கு முன்னுரைக்கே பத்து நிமிடம் வேண்டும். ஒரு கடையில் சரியான போர்டு, சரியான விலை, எடுத்துக் கொடுத்தே விட்டார்கள். கடைக்காரர் செய்த ஒரே தப்பு, கேட்பதற்கு முன்னால் ஒரு வருட கேரண்டி என்று சொன்னது. கேரண்டி போர்டுக்கா, கடைக்கா என்று கேட்டார் கமிஷன். அடுத்த வருடம் இந்தக் கடை இங்கேயே இருக்குமா, வாடகைக் கடையா சொந்தக் கடையா, சுவரில் பெயின்ட் புதிதாக இருக்கிறதே, திறந்து எத்தனை மாதம் ஆகிறது? கடைக்காரர் போர்டைத் திரும்ப வாங்கி அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியை ஷெல்ஃபில் வைத்து, எங்களை வாசலில் வைத்தார்.

ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ப்ராசசர் சூட்டை இழுக்கத் தடவுவதாம். தடவ ப்ராசசர் இருந்தது, உட்காரவைக்கத்தான் போர்டு இல்லை.

மரக்காணம் தாண்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. ஏண்ணே இப்படிக் கேள்வி கேட்டே சாகடிக்கிறீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டு மூட்டையைச் சரியாக வைத்துக்கொண்டார்.

“மில்லுல பத்தொம்பது வருஷம் வேல பாத்தேன் தம்பி. அனுப்பறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினானுங்க. ஒனக்கு இன்னா தெரியும், இனிமே இன்னா பண்ணப்போற, ஊட்ல எத்தனி பேருன்னு ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கல.”

 எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை கடைக்கு வந்து பெண்ணின் அப்பா உட்கார்ந்தபோது அந்தப் பாவம் போய்விட்டது. அவர் தினமும் வருவார். எதுவும் கேட்கமாட்டார். இருண்டு கிடக்கும் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள். இரண்டு தெரு தள்ளி புதிதாகத் திறந்த டி.டி.பி. கடைக்கு என் வாடிக்கைகள் ஒவ்வொன்றாக என் கண்ணெதிரிலேயே நடந்துபோய்க்கொண்டிருந்தன.

பதினோராம் நாள் கமிஷன் வந்து, கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரை மூடுகிறார்கள், நம்ம தினுசு போர்டு ஆறு இருக்கிறது, ஆறையும் பார்த்துவிட்டு எது தேறும் என்று சொல்ல நாலைந்து நாள் ஆகும் என்றார். நாலைந்து நாள் என்ற சொல்தான் எனக்குக் கேட்டது.

“ஒங்க கமிஷனும் வேணாம், ஒங்க போர்டும் வேணாம். ஒங்களுக்குப் பொழுது போவலன்னா என் பொழப்புதான் கெடச்சுதா?”

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். கமிஷன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் மெயின் ரோட்டில் இருந்த ஒரு கண்ணாடிக் கதவுக் கடையில் நின்றேன். ஏசி, சுழல் நாற்காலி, டை கட்டிய சேல்ஸ்மேன். நானூற்று எழுபத்தெட்டு கால் போர்டு இருக்கிறதா என்றேன். இருக்கிறது சார், கடைசிப் பீஸ், புத்தம் புதுசு, உங்கள் ப்ராசசர் உட்காரும், உங்கள் ராம் சேரும் என்றார். என்னை அவர் கேட்டது ஒரே கேள்வி, பில் எந்தப் பெயரில் போடுவது என்று. பத்து நிமிடத்தில் போர்டு என் கையில் இருந்தது. மாட்டவும் அவர்களே ஆள் அனுப்பினார்கள். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார், என்னையா கம்ப்யூட்டரையா என்று தெரியவில்லை. எதற்காக இத்தனை நாள் அந்த மனிதரின் பின்னால் அலைந்தோம் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

பிறகு டிராயரைத் திறந்து லாக்கை எடுத்தேன்.

நான் வைத்திருந்த தமிழ் சாஃப்ட்வேருக்கு லாக் என்று ஒன்று உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் ஓட்டையில் அதைச் செருகியிருந்தால்தான் தமிழ் எழுத்து வரும். கள்ள காப்பி போடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஐந்து வருடமாக அங்கேயே செருகிக் கிடந்ததால், அது எந்த ஓட்டையில் இருந்தது என்பதையே நான் மறந்திருந்தேன். புதுப் போர்டின் பின்பக்கத்தைத் தடவினேன். கீபோர்டுக்கு ஓட்டை இருந்தது, மவுசுக்கு இருந்தது, ஸ்பீக்கருக்கு, மைக்குக்கு, இன்னும் நான் பெயர் அறியாத பலதுக்கும் இருந்தது. பிரிண்டர் ஓட்டை இல்லை. இப்போதெல்லாம் யாரும் அதைக் கேட்பதில்லை என்று அந்தக் கம்பெனி எடுத்துவிட்டதாம்.

பத்திரிகை ஃபைலைத் திறந்தேன். சித்தப்பாவும் பெரிய மாமாவும் இன்ன பிற இருபத்தைந்து பேரும் ஆச்சரியக்குறிகளாகவும், டாலர் குறிகளாகவும், வாலில்லாத ஆங்கில எழுத்துகளாகவும் கிடந்தார்கள். பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மெதுவாக, “எங்க ஆளுங்கள இன்னாப்பா பண்ணிட்ட?” என்றார்.

கண்ணாடிக் கதவுக் கடைக்கு ஓடினேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததை டை கட்டியவர் சிரித்த முகத்தோடு காட்டினார். உங்களுக்குப் பிரிண்டர் ஓட்டை வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே சார் என்றார். உண்மைதான். நான் சொல்லவில்லை. என்னை ஒருவர் கேட்டிருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு கமிஷனைத் தேடிப் போக எனக்கு முகமில்லை. ஐந்து நாள் அவர் கடை இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனேன். இடையில் வேறு கடைகளில் விசாரித்தேன். அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு புதுச் சாஃப்ட்வேர் வாங்கிவிடுங்கள் என்றார்கள். புதுச் சாஃப்ட்வேர் வாங்கும் வசதி இருந்திருந்தால் நான் ஏன் பழைய போர்டு தேடி அலைகிறேன்?

ஆறாம் நாள் மத்தியானம், பெண்ணின் அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, கடை வாசலில் சைக்கிள் நின்றது. கமிஷன். கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விசாரணை நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

கதிர்காமத்து பிரௌசிங் சென்டர்காரரை நான்கு சாயங்காலம் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். ஆறு மெஷினில் வாசலோரம் இருந்தது எது, அதில் மழைச்சாரல் அடித்ததா, எந்த மெஷினில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வெறுமனே மெயில் பார்ப்பார்கள், எதில் பிள்ளைகள் நாள் முழுக்க கேம் ஆடுவார்கள்? ஒரு மெஷின் சென்டர்காரர் கணக்குப்போடவும் பாட்டு கேட்கவும் மட்டும் வைத்துக்கொண்டது, வேறு யாரையும் தொடவிட்டதில்லை என்று நாலாம் நாள் வெளிவந்திருக்கிறது. அந்தப் போர்டைத்தான் வாங்கியிருந்தார். பிறகு அதைத் தன் கடையில் ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறார். ஒரு கெப்பாசிட்டர்கூட உப்பவில்லை.

என் மேஜை மேல் கிடந்த லாக்கைப் பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோட்டைப் பிரித்து, ‘சந்தேகம்’ என்ற இடத்தைத் தேடி, அதை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. புதுப் போர்டைக் கழற்றினார். சென்னையில் வாங்கிய பேஸ்டைத் தடவினார். நானூற்று எழுபத்தெட்டு கால்களும் ஒன்றுகூட மடங்காமல் இறங்கின. பின்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் நடுவில், நீளமாக அந்தப் பிரிண்டர் ஓட்டை.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் விழித்து, புதிதாக என்னவோ கண்டுபிடித்திருக்கிறேன், இதை என்ன செய்யட்டும், அதற்கு எந்த ஃபைல், தொடரட்டுமா வேண்டாமா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தது. கமிஷன் ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். தன்னைப் போலவே ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

ஃபைல் திறந்தது. ‘நிகழும் மங்களகரமான’ என்று முதல் வரி தமிழில் வந்தபோது பெண்ணின் அப்பா சத்தமில்லாமல் அழுதார். சித்தப்பா முதலில் இருந்தார். பெரிய மாமா இரண்டாவதாக இருந்தாலும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தார். குடும்பம் காப்பாற்றப்பட்டது.

நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாதுண்ணே என்றேன்.  அவர் ஸ்க்ரூ ஒன்றை முடுக்கிக்கொண்டே, “நீ தப்பாப் பேசினது எனக்கும் ஒனக்கும் தம்பி. போர்டு இன்னா பாவம் பண்ணுச்சு, அத்த நட்டாத்துல உட முடியுமா?” என்றார். பிறகு கழற்றிய புதுப் போர்டை அட்டைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

“வா, அந்தக் கண்ணாடிக் கடக்காரர ஒரு தபா பாத்துட்டு வந்துடுவோம்.”

அன்று சாயங்காலம் அந்தக் கடையில் நடந்ததைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. கமிஷன் குரலை உயர்த்தவில்லை. சட்டம் பேசவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அது சுழலாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டு, நோட்டைப் பிரித்தார். டை கட்டியவரிடம், இந்தப் போர்டு உங்கள் கடைக்கு எந்த மாதம் வந்தது என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பதில் வந்ததும், அதிலிருந்து இதுவரை எத்தனை பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள், ஏன் வேண்டாம் என்றார்கள் என்றார். வாங்க வருகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கும் வழக்கம் உண்டா, இல்லையென்றால் அது யார் முடிவு, அவர் இப்போது உள்ளே இருக்கிறாரா? ஓனர் வந்தார். அவருக்கும் கேள்விகள் தயாராக இருந்தன. பின்னால் லேப்டாப் பார்க்க வந்த ஒரு குடும்பம் நின்று கேட்க ஆரம்பித்தது. குடும்பத் தலைவர் தன் மனைவியிடம், நாமும் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னது ஓனர் காதில் நன்றாகவே விழுந்தது. அந்தக் குடும்பம் வாங்காமல் போனது. அடுத்து வந்தவர்களும் நின்றார்கள். கமிஷன் பக்கத்தைத் திருப்பி, இருபத்திரண்டாவது கேள்வி என்றார்.

ஓனர் போர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முழுத் தொகையும் கொடுத்து, வாசல் வரை வந்து, கண்ணாடிக் கதவைத் தானே திறந்துவிட்டார். இன்னும் ஒன்பது கேள்வி பாக்கி இருக்கிறதே என்று கமிஷனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். பெண்ணின் அப்பா கமிஷனை முதல் பந்தியில் உட்காரவைத்தார். அந்தக் கதிர்காமத்துப் போர்டு அதன் பிறகு நாலரை வருடம், ஒரு ஆவணிகூடத் தவறாமல் ஓடியது.

கமிஷன் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நெல்லித்தோப்பில் அவர் அறை இருந்த இடத்தையும் சேர்த்துப் பஞ்சர் கடை பெரிதாகிவிட்டது. எனக்கு மாதம் ஒருமுறையாவது ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். மிக்சி, இன்வெர்ட்டர், ஒருமுறை தண்ணீர் மோட்டார். வாங்குவதற்கு முன் அவருக்குப் போன் செய்து ஆலோசனை கேட்பேன். போன வாரம் ஃபிரிட்ஜ் வாங்கப்போவதாகச் சொன்னேன். எத்தனை பேர், எந்தச் சுவர், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், ராத்திரி எத்தனை தடவை திறப்பாய், திறந்து என்னத்தை எடுப்பாய் என்று நாற்பது நிமிடம் கேட்டார். நானும் ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னேன். அவசரப்படாதே, இரண்டு மாதம் பொறுத்து முடிவு செய்வோம், அடுத்த வாரம் பேசு என்று வைத்தார்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.